பாறை விளிம்பில் நின்ற வண்டி

மதுரையில் ஒரு கல்லூரியில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நிலவியல் போதித்து ஓய்வு பெற்றிருந்த என் பெரியப்பா, 2006-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், கோடைக்கானல் மலைச்சரிவுகளில் குறிஞ்சி பூத்திருக்கிறது என்ற செய்தியைப் பத்திரிகையில் படித்த அன்றே என்னைத் தொலைபேசியில் அழைத்து, தம்மை ஒரு தடவை மலைக்குக் கூட்டிக்கொண்டு போக முடியுமா என்று கேட்டார். எழுபத்தைந்து வயதில், முழங்கால் தேய்ந்து, சொந்த வீட்டு மாடிப்படி ஏறுவதையே நிறுத்திவிட்ட மனிதர், பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை பூக்கும் அந்த மலரைக் காணும் ஆசையினால்தான் இப்படிக் கேட்கிறார் என்று எண்ணி நான் உடனே சம்மதித்தேன். அவரோ, "பூவை நீ பாரு தம்பி. எனக்கு ஒரு கல்லைப் பார்க்கணும். அதுவும் பொழுது சாயுற நேரத்துல பார்க்கணும்" என்றார்.

அந்தக் கல்லின் கதை அவருடைய பத்தொன்பதாம் வயதில் தொடங்குவது. 1950-ஆம் ஆண்டு கோடை விடுமுறையில், பெரியகுளத்துக்கு அருகேயுள்ள கிருஷ்ணம்ம நாயக்கன் தோப்பிலிருந்து செண்பகனூருக்கு ஏறும் பழைய நடைபாதையில், சுமார் பன்னிரண்டு மைல் தூரத்தைத் தம் தோழர் மூவரோடு கால்நடையாகவே ஏறிக் கடந்திருக்கிறார். மோட்டார்ச் சாலை வருவதற்கு முன் கோடைக்கானலுக்குப் பிரதான வழியாக இருந்தது அதுதான்; அம்மையநாயக்கனூர் ரயில் நிலையத்தில் இறங்கி, இரவெல்லாம் மாட்டு வண்டியில் பிரயாணம் செய்து தோப்புக்கு வந்து சேர்ந்து, விடியற்காலையில் துரைமாரும் அவர்களுடைய குடும்பத்தாரும் நாற்காலியிலும் டோலியிலும் மட்டக்குதிரையிலுமாக ஏற, அவர்களுடைய பெட்டி படுக்கைகளைத் தலையில் சுமந்து ஏறிய ஜனங்களின் பெயராலேயே ‘கூலி காட்’ என்று அழைக்கப்பட்ட பாதை. செண்பகனூரில் ஏசு சபைப் பாதிரிமார்கள் 1895-இல் நிறுவிய கல்லூரியின் இயற்கைப் பொருட்காட்சிசாலையைப் பார்த்துவிட்டு, மறுநாள் அங்கிருந்து விசாரித்து விசாரித்து நடந்து, பேத்துப்பாறை என்னும் மலைக்கிராமத்தை அடுத்த பாறை மேட்டில், வரலாற்றுக்கு முற்பட்ட மாந்தர் தம் இறந்தோருக்காக எழுப்பிய கல்திட்டைகளை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். ஆனால் பார்த்தது உச்சி வேளையில். வெயில் தலைக்கு நேரே நின்று பாறையின் மேடு பள்ளங்களையெல்லாம் ஒரே வெண்மையில் கரைத்துவிட, யானை இறங்கும் நேரமாயிற்று என்று வழி காட்டிய கிழவர் அவசரப்படுத்த, அரை மணிக்குள் திரும்பிவிட்டார்கள். "சாய்ஞ்ச வெயில்லதான் கல்லு தன் வரியைக் காட்டும், அதை நான் பார்க்காமலே வந்துட்டேன்" என்ற குறை ஐம்பத்தாறு ஆண்டுகளாக அவர் மனத்தில் தங்கியிருந்தது.

கோடைக்கானலில் நாங்கள் தங்கியது ஏரிக்கு மேற்புறத்தில். மதுரை ஜில்லாவின் கலெக்டராக இருந்த லெவிஞ்சு துரை 1863-இல் ஓடைகளுக்குக் குறுக்கே கரை எழுப்பி உண்டாக்கிய, நட்சத்திர வடிவமுள்ள அந்த ஏரிக்கரையில், மட்டக்குதிரைகளை வாடகைக்கு விடுவோர்க்குப் பக்கத்தில் ஜீப்புகள் வரிசையாக நிற்கும். தூண் பாறை, பசுமைப் பள்ளத்தாக்கு, கோக்கர்ஸ் வாக், குறிஞ்சி ஆண்டவர் கோயில் என்று மூச்சு விடாமல் ஒப்பிக்கும் பல குரல்களுக்கு நடுவே, பெரியப்பா பேத்துப்பாறை என்று சொன்னதும், தலையில் மப்ளர் சுற்றி வண்டியில் சாய்ந்திருந்த ஒருவர் மட்டும் நிமிர்ந்து பார்த்தார். ஐம்பது வயது இருக்கலாம். "குள்ளர் வீட்டுக்கா ஐயா?" என்று கேட்டார். கல்திட்டைகளைத்தான் சொல்கிறார் என்று புரிந்துகொண்ட பெரியப்பா ஆமாம் என்றதும், "அப்ப இப்ப வேணாம். நாலு மணிக்குக் கெளம்புவோம். வெயில் இறங்கினாத்தான் அந்த எடம் எடமா இருக்கும்" என்றார். பெரியப்பா என் கையை அழுத்தினார். கல்லைப் படித்து அறிந்தவரும், கல்லோடு பழகி அறிந்தவரும் கலந்து பேசாமலே ஒரே நாழிகையைக் குறித்தது எனக்கு வியப்பாக இருந்தது.

நான்கு மணிக்குப் புறப்பட்டோம். முன்னிருக்கையில் பெரியப்பா, பின்னால் நானும், வண்டிக்காரரின் தங்கை மகனாகிய பதினாறு வயதுப் பையனும். செண்பகனூரைத் தாண்டி, ஏரியிலிருந்து வழியும் நீரே அருவியாக விழும் வெள்ளி நீர்வீழ்ச்சியைக் கடந்து பெருமாள்மலைச் சந்திக்கு இறங்குகிற வரையில் அது எல்லாரும் அறிந்த தார்ச்சாலை. அதில் சொல்வதற்கு அதிகம் இல்லை. சந்தியில் தேநீர் குடித்தோம். வண்டிக்காரர் தம் தாயார் பிறந்த ஊர் வெள்ளகெவி என்று சொன்னது அந்தத் தேநீர்க் கடையில்தான். வட்டக்கானலிலிருந்து டால்பின் மூக்குப் பாறை வழியாகக் கால்நடையாகவே இறங்கவேண்டியிருந்த அந்தக் கிராமத்துக்குள் யாரும் செருப்பு அணிவதில்லை. ஊர் முழுவதுமே சாமி இருக்கும் இடம் என்பது அவர்களுடைய நம்பிக்கை. பெரியப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. 1821-இல் இந்த மலையை முதன்முதலாக அளக்க வந்த லெப்டினன்ட் வார்டு என்னும் ஆங்கிலேயர் தங்கிய ஊர் அது என்றும், கோடைக்கானல் என்னும் நகரம் தோன்றுவதற்கு வெகு காலம் முன்பே அங்கே குடிகள் இருந்தார்கள் என்றும் அவர் விவரிக்க, வண்டிக்காரர், "எங்க அம்மா ஊருக்கு அம்புட்டுப் பெருமையா ஐயா!" என்று கேட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் இருந்தார்.

பழனிச் சாலையில் சற்றுத் தூரம் சென்று கிளைவழியில் திரும்பியதும் மலையின் முகமே வேறாயிற்று. மேல்மலையின் பைன் மரங்களும் தைல மரங்களும் மறைந்து, நெடிது உயர்ந்த சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி படர, அவற்றின் நிழலில் காப்பிச் செடிகள் அடர்ந்து, இடையிடையே வெண்ணெய்ப்பழ மரமும் பலாவும் மலைவாழையும் தலை காட்டின. பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு உயிராகிய விருப்பாட்சி வாழை இந்தக் கீழ்மலைச் சரிவுகளில் விளைவதுதான். முடிக்கொத்து நோய் வந்து தோட்டம் தோட்டமாக அது அழிந்துபோன துக்கத்தை வண்டிக்காரர் ஒரு நெருங்கிய உறவினரின் மரணத்தைச் சொல்வது போலச் சொன்னார். பின்பு தார் முடிந்து, கல் பாவிய வண்டிப் பாதை வந்து, அதுவும் முடிந்து, மழைநீர் அறுத்த ஓடைத் தடமே பாதையாயிற்று.

அங்கே அவர் வண்டியை நிறுத்தி, கீழே இறங்கி, பாதை முழுவதையும் ஒரு தடவை நடந்து பார்த்துவிட்டு வந்தார். தினந்தோறும் வந்து போகிறவருக்கு இது எதற்கு என்று கேட்டேன். "நேத்துப் பேஞ்ச மழைக்கு இன்னைக்கு எந்தக் கல்லு புரண்டிருக்குன்னு யாருக்குத் தெரியும் சார்?" என்றார். நாலு சக்கரத்துக்கும் இழுவை கொடுக்கும் சிறிய தண்டை மாற்றி, முதல் கியரில் போட்டு, சக்கரத்தைக் கற்களுக்கு இடையில் விடாமல் கல்லின் தலை மேலேயே ஏற்றி ஏற்றி இறக்கிக்கொண்டு, நடப்பவன் முந்திவிடும் வேகத்தில் ஓட்டலானார். அவருடைய கட்டை விரல்கள் இரண்டும் ஸ்டீயரிங் வளையத்தைச் சுற்றிப் பிடிக்காமல் வெளியே படிந்திருப்பதைக் கவனித்தேன்; முன்சக்கரம் கல்லில் மோதித் திரும்பும்போது வளையம் உதறிச் சுழலும் என்றும், உள்ளே விரல் இருந்தால் ஒடிந்துவிடும் என்றும் விளக்கினார். இறக்கத்தில் பிரேக்கை மிதிக்கவே இல்லை. இன்ஜினே வண்டியைப் பிடித்து இழுத்து நிறுத்துகிற அந்த உறுமல் பள்ளத்தாக்கின் பாறைச் சுவர்களில் பட்டு எங்களிடமே திரும்பி வந்தது. செங்குத்தான ஓர் ஏற்றத்தில் வண்டி ஒரு கணம் தயங்க, "கல்லுப் போடுறா!" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் பையன் குதித்துப் பின்சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்துவிட்டான். இத்தனை குலுக்கலிலும் பெரியப்பா முன்கம்பியைப் பிடித்துக்கொண்டு, இரு பக்கமும் எழுந்து நின்ற பாறைகளைக் குழந்தையைப் போல மாறி மாறிப் பார்த்துக்கொண்டே வந்தார். முழங்கால் வலியைப் பற்றி அன்று அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

வழியில் இரண்டிடங்களில் யானை லத்தி கிடந்தது. வண்டிக்காரர் இறங்கிக் குச்சியால் கிளறிப் பார்த்து, "முந்தாநாளு" என்று சொல்லி ஏறிக்கொண்டார். அந்த ஒரு சொல்லில் எங்கள் பயம் தீர்ந்தது.

இருபுறமும் பாறை நெருங்கிய ஒரு கணவாய் போன்ற இடத்தைக் கடந்ததும், வண்டி திடீரென்று வெட்டவெளிக்கு வந்தது. எதிரே, யானையின் முதுகைப் போல வளைந்து விரிந்த, மரஞ்செடி ஏதுமற்ற ஒற்றைக் கரும்பாறை. அதன் மறு விளிம்புக்கு அப்பால் ஆழமான பள்ளத்தாக்கு. பள்ளத்தாக்குக்கு அப்பால் மலைக்குப் பின் மலையாக நீல நிறம் மங்கிக்கொண்டே போகும் தொடர்கள். பாறையின் நடுவில், தூரத்திலிருந்து பார்க்கும்போது யாரோ அடுக்கி வைத்து மறந்துபோன பெட்டிகளைப் போல, அந்தக் கல்திட்டைகள் தெரிந்தன. ஏற்றம் அதிகமில்லை, ஜீப் தாராளமாக ஏறும். ஆனால் வண்டிக்காரர் பாறை தொடங்கும் விளிம்பிலேயே நிறுத்தி, சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்துவிட்டு, செருப்பைக் கழற்றி வண்டியிலேயே போட்டார். பெரியப்பாவால் நடக்க முடியுமோ என்ற கவலையில், இன்னும் கொஞ்சம் அருகில் கொண்டுபோய் விடலாமே என்று கேட்டேன்.

"இதுக்கு மேல சக்கரம் ஏறாது சார். ஏத்தவும் மாட்டேன். செத்தவுங்க படுத்திருக்கிற எடம்."

பெரியப்பா அதற்குள் குனிந்து தம்முடைய செருப்பின் வாரை அவிழ்க்கத் தொடங்கியிருந்தார்.

வெறுங்காலை அந்தப் பாறையில் வைத்த கணத்தை நான் மறக்க முடியாது. காற்று ஸ்வெட்டரையும் ஊடுருவிக் குளிர்ந்துகொண்டிருக்க, உள்ளங்காலின் கீழே பாறை வெதுவெதுப்பாக இருந்தது. நாள் முழுதும் குடித்த வெயிலை அது இன்னும் வெளியே விட்டுக்கொண்டிருந்தது. காலணியோடு நடந்திருந்தால் அந்த மலையின் உடற்சூடு எனக்குத் தெரியாமலே போயிருக்கும். பையன் ஒருபுறமும் நான் ஒருபுறமுமாகத் தாங்க, பெரியப்பா அடிமேல் அடி வைத்துக் கல்திட்டைகளை அடைந்தார். மூன்று பக்கம் பலகைக் கற்களை நிறுத்தி, மேலே பெரிய மூடுகல்லை ஏற்றி, ஒரு பக்கத்தைத் திறந்து விட்டு அமைத்த அறைகள். சுற்றிலும் கற்களை அடுக்கி எழுப்பிய தாழ்ந்த மதிலின் சிதிலங்கள். சுண்ணாம்பில்லை, மண்சாந்தில்லை, கல்லின் கனமே கல்லைத் தாங்கி நிற்கிறது.

செண்பகனூரில் இருந்த அங்லாட் பாதிரியார், நியூட்டன் என்பாரோடு சேர்ந்து, இந்த மலைகளில் சிதறிக் கிடக்கும் கல்திட்டைகளை ஒவ்வொன்றாகத் தேடிச் சென்று அளந்து வரைந்து எழுதிய நூலை, இந்தியத் தொல்பொருள் ஆய்வுத் துறை 1928-இல் வெளியிட்டது. பெரியப்பா கல்லூரி நூலகத்தில் முதலில் படித்த ஆராய்ச்சி நூல் அதுதான். தம்முடைய தாய்நாடான பிரான்சில் பிரிட்டனிக் கடற்கரையோரம் நிற்பவை போன்ற கற்களை, ஆறாயிரம் அடி ஏறி வந்த இந்தத் தமிழ் மலையில் கண்டபோது அந்தப் பாதிரியாருக்கு என்ன தோன்றியிருக்கும் என்று பெரியப்பா பல தடவை என்னிடம் வியந்ததுண்டு. அயர்லாந்திலும் கொரியாவிலும் இத்தகைய கற்கள் உண்டு. இந்த மலைக்கு மேற்கே மறையூரில் இவற்றுக்கு ‘முனியறை’ என்று பெயர். தேசம் தெரியாத, பாஷை தெரியாத ஜனங்களெல்லாம் இறந்தவரை மறக்கக் கூடாது என்னும் ஒரே எண்ணத்தை ஒரே விதமாகக் கல்லில் எழுதியிருக்கிறார்கள்.

பெரியப்பா மூடுகல்லின் மேல் கையை வைத்தார். வெகுநேரம் எடுக்கவில்லை. பின்பு, வகுப்பில் பேசும் குரலில், ஆனால் மிகவும் மெதுவாகச் சொன்னார்: "இந்தக் கல்லுக்குச் சார்னக்கைட்டுன்னு பேரு தம்பி. பேரு எங்கேருந்து வந்தது தெரியுமா? ஒரு சமாதியிலேருந்து." கல்கத்தா நகரத்துக்கு அடிகோலியவர் என்று சொல்லப்படும் ஜாப் சார்னக் என்னும் ஆங்கில வர்த்தகர் பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் மறைந்தபோது, அவருடைய கல்லறைக்குச் சென்னைக்கு அருகேயுள்ள பல்லாவரத்துக் கல்லைக் கப்பலேற்றிக் கொண்டுபோய் வைத்தார்களாம். இருநூறு ஆண்டுகளுக்குப் பின், 1893-இல், ஹாலண்டு என்னும் நிலவியல் அறிஞர் அந்தக் கல்லறைப் பலகையை ஆராய்ந்து, அதுவரை தனிப் பெயரில்லாதிருந்த அந்தப் பாறை வகைக்கு, அதன் அடியில் உறங்குபவருடைய பெயரையே சூட்டினார். பல்லாவரத்துக் குன்றும், பழனி மலையின் இந்த நெடும் பாறைகளும் ஒரே வகையைச் சேர்ந்தவை. "வெள்ளைக்காரன் சமாதிக்கு வச்ச கல்லும் இதுதான், பேரே தெரியாத நம்ம பாட்டன் சமாதிக்கு வச்ச கல்லும் இதுதான்" என்றார்.

வண்டிக்காரர் கைகளைக் கட்டிக்கொண்டு பக்தி சிரத்தையோடு கேட்டுக்கொண்டிருந்தார். பின்பு தம் பங்கைச் சொன்னார். முழ உயரமே உள்ள குள்ள மனிதர்கள் ஆதியில் இந்த மலையை ஆண்டார்களாம். ஒரு யுகத்தின் முடிவில் ஆகாயத்திலிருந்து நெருப்பு மழை பெய்யப் போகிறதென்று அறிந்து, அதற்குத் தப்பக் கல்லால் வீடு கட்டி உள்ளே புகுந்தார்களாம். மழை ஓய்ந்த பின்னும் வெளியே வரவில்லையாம். பெரியப்பா மறுக்கவில்லை. மறுப்பாரென்று நான் எதிர்பார்த்தேன்; அவரோ சட்டைப் பையிலிருந்து சிறு நோட்டை எடுத்து அந்தக் கதையைச் சொல்லுக்குச் சொல் எழுதிக்கொண்டார்.

அப்போதுதான் மற்றொரு வண்டி வந்தது. இளைஞர்கள் ஐந்தாறு பேர், உரத்த பாட்டு. எங்கள் ஜீப் நின்ற விளிம்பைத் தாண்டி, அது உறுமிக்கொண்டு பாறையின் மேலேயே ஏறி, அரைவட்டமாகத் திரும்பி, சக்கரம் வழுக்கி, கருநிறத் தீற்றல் ஒன்றை இழுத்துவிட்டு, கல்திட்டைக்குப் பத்தடி தூரத்தில் நின்றது. பாறையை வட்டம் வட்டமாகப் போர்த்தியிருந்த சாம்பல் நிறக் கற்பாசி அந்தத் தடத்தில் தோல் உரிந்தாற்போலக் கிழிந்து கிடந்தது. ஒரு நாணயத்தின் அளவு பரவுவதற்கே அதற்குப் பல ஆண்டுகள் வேண்டும். என் இரத்தம் கொதித்தது. வண்டிக்காரர் என்னைக் கையமர்த்திவிட்டு, அந்த ஓட்டுநரிடம் தாமே நடந்து சென்று, தோளில் கை வைத்துத் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். அவன் தலையைச் சொறிந்துகொண்டே வண்டியைப் பின்னுக்கு எடுத்துக் கீழே இறக்கினான். பாட்டும் நின்றது. பிள்ளைகளில் ஒருவன் மட்டும் இறங்கி எங்களிடம் வந்து, இவை என்ன என்று கேட்டான். பெரியப்பா அவனை அருகில் உட்கார வைத்துக்கொண்டு கால் மணி நேரம் சொன்னார். முதல் வகுப்புக்கு வந்த மாணவனிடம் சொல்வது போல, ஆதி முதல் சொன்னார். எழுந்திருக்கும்போது அவன் சப்பாத்துகளைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான்.

சூரியன் மேல்மலையின் விளிம்பைத் தொட்டபோது மணி ஆறு இருக்கும். மலைநாட்டு அஸ்தமனம் சமவெளியிலும் கடற்கரையிலும் காண்பது போன்றதன்று. கதிரவன் மறைவதற்கு வெகு முன்னமே பள்ளத்தாக்கின் அடியிலிருந்து இருள் தண்ணீரைப் போல மேலே ஏறத் தொடங்கிவிடுகிறது. காப்பித் தோட்டங்கள் மூழ்கின. வாழைத் தோப்பு மூழ்கிற்று. நாங்கள் வந்த கணவாயும் மூழ்கிற்று. வெளிச்சமோ மேலே மேலே விலகிப் பாறை முகடுகளில் மாத்திரம் தங்கி நின்றது. அந்த நேரத்தில்தான் பெரியப்பா ஐம்பத்தாறு ஆண்டுகள் காத்திருந்த காரியம் நடந்தது. படுத்தவாறு வந்த கிரணங்கள் கல்திட்டையின் பலகைகளைப் பக்கவாட்டில் தடவ, பகல் முழுதும் ஒரே கருமையாகத் தெரிந்த கல்லின் பரப்பில் வரிவரியாக ரேகைகள் எழுந்தன. பழுப்பேறிய மேல்தோலுக்கடியில், எண்ணெய் பூசினாற்போன்ற பசுமை கலந்த கருநீலம். அதற்கிடையே செம்புக் கம்பியை இழைத்தது போலச் சாய்ந்து ஓடும் படலங்கள். பூமியின் ஆழத்தில், கற்பனைக்கெட்டாத வெப்பத்திலும் அழுத்தத்திலும், மனித ஜாதி தோன்றுவதற்கு எத்தனையோ கோடி ஆண்டுகளுக்கு முன் வெந்து இறுகிய காலத்தின் அடையாளங்கள். பெரியப்பா தம் விரல் நுனியால் ஒரு ரேகையை அதன் தொடக்கத்திலிருந்து முடிவு வரை பின்தொடர்ந்தார். விரல் நடுங்கியது. குளிரினால் அன்று.

தென்கிழக்கில் பெருமாள் மலையின் முடி மட்டும் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. எதிர்ச்சரிவு ஒன்றில் நீலம் கலந்த ஊதாப் படலம் ஒன்று தெரிந்தது. முதலில் அந்தி நிழல் என்றே எண்ணினேன். வண்டிக்காரர் சுட்டிக் காட்டிய பிறகுதான் அது குறிஞ்சி என்று விளங்கிற்று. பூவைப் பார்க்க வந்த ஆண்டில், பூவை நிழலென்று எண்ணும் அளவுக்கு என் கண்கள் கல்லிலேயே இருந்திருக்கின்றன. பெரியப்பா மேற்கே திரும்பி, மேல்மலையில் இருக்கும் சூரிய ஆய்வுக்கூடத்தை நினைவு கூர்ந்தார். 1899-இல் தொடங்கிய அந்த நிலையத்தில்தான் எவர்ஷெட் என்னும் விஞ்ஞானி 1909-இல் சூரியனின் கரும்புள்ளிகளில் வாயுக்கள் வெளிப்புறமாக ஓடுவதைக் கண்டறிந்தார். "அங்கே சூரியனையே பார்க்கிறாங்க. இங்கே அது என்னத்தைப் பார்த்துக்கிட்டுப் போகுதுன்னு நாம பார்க்கிறோம்" என்றார். பெருமாள் மலையின் முடியும் அணைந்தது. யாரும் பேசவில்லை. வண்டிக்காரர் கல்திட்டைக்கு முன்னால் சென்று, ஒரு சிறு கல்லை எடுத்து அதன் வாயிலில் வைத்து, கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, "போவோமா ஐயா?" என்றார்.

திரும்பும் வழி முழுதும் இருட்டு. முகப்பு விளக்கின் ஒளியில் ஒவ்வொரு கல்லும் தன் நிழலைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்று, நாங்கள் கடந்ததும் படுத்துக்கொண்டது. ஓர் இடத்தில் விளக்கை அணைத்துவிட்டுப் பத்து நிமிஷம் காத்திருந்தோம். கீழே மூங்கில் முறியும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அது ஓய்ந்ததும் அவர் மெல்ல வண்டியை எடுத்தார். கோடைக்கானல் வந்து சேர்ந்தபோது பேசிய தொகைக்கு மேல் நான் கொடுத்ததை வாங்க மறுத்துவிட்டு, தம் தோட்டத்துப் பூண்டில் ஒரு கொத்தைப் பெரியப்பாவின் கையில் கொடுத்தார். அந்த நோட்டில் தாம் சொன்ன கதை சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று ஒரு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.

பெரியப்பா 2009-இல் காலமானார். அவருடைய நூல்களைக் கல்லூரிக்குக் கொடுத்துவிட்டோம். அந்தச் சிறு நோட்டு மட்டும் என்னிடம் இருக்கிறது. அதில் குள்ளர் கதைக்கு அடுத்த பக்கத்தில், தேதியும் நேரமும் குறித்து, ‘ரேகைகள் வடகிழக்காகச் சாய்கின்றன. இன்று கண்டேன்’ என்று எழுதியிருக்கிறார்.

அடுத்த குறிஞ்சி 2018-இல் பூத்தபோது நான் தனியாக அங்கே சென்றேன். வண்டிக்காரர் இப்போது ஓட்டுவதில்லை என்றார்கள். அந்தப் பையன் வளர்ந்து சொந்த ஜீப் வைத்திருந்தான். அவனும் விளிம்பிலேயே நிறுத்தினான். ஆனால் பாறையின் மேல் பல சக்கரங்களின் தடங்கள் இருந்தன. கற்பாசி இருந்த இடங்களில் பெரும்பகுதி வெறும் கல்லாகிவிட்டது. பெரியப்பா விரலால் தொடர்ந்த ரேகையுள்ள பக்கப் பலகை சரிந்து, மூடுகல் ஒரு முனை தரையில் படச் சாய்ந்து கிடந்தது. மோதித் தள்ளியது வண்டியா, ஏறி நின்று படம் எடுத்தவர்களா, சில ஆண்டுகளின் மழையா என்று நான் அறியேன். எத்தனையோ நூற்றாண்டுகளின் மழையில் அது சரியவில்லை என்பது மட்டும் தெரியும்.

கரடு முரடான பாறை வழிகளில் அந்தி வேளையில் வண்டியேறிப் போகும் உற்சாகத்தை நான் குறை சொல்லமாட்டேன். நடக்க முடியாத ஒரு கிழவரின் ஆயுட்கால ஆசையை நிறைவேற்றித் தந்ததும் ஒரு வண்டிதான். பேத்துப்பாறைக்கோ, தாண்டிக்குடிக்கோ, கல்திட்டைகள் உள்ள வேறு எந்த இடத்துக்கோ செல்லும் அன்பர்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றே: பாறை தொடங்கும் இடத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லுங்கள். வயதானவர்கள் கூட வந்திருந்தால் இருவர் தாங்கி அழைத்துச் செல்லுங்கள். பெரியப்பாவை அப்படித்தான் அழைத்துச் சென்றோம். விளிம்பிலிருந்து கல் வரை அவருக்கு ஏழு நிமிஷம் ஆயிற்று.